ஹிகோனோகாமி: பூட்டில்லாத மடக்குக்கத்தி

மடக்குக்கத்தி ஒன்றை விமர்சிக்கப் புகுவோர், விரித்த அலகு தானே மடங்கி விரலைப் பதம் பார்க்காதபடி காக்கும் பூட்டு எத்தகையது, அலகை நிமிர்த்தும் வில் எவ்வளவு விறைப்பானது என்னும் இரு கேள்விகளோடு தொடங்குவது இக்காலத்து வழக்கம். ஜப்பானில் மிக்கி நகரத்துக் கொல்லர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகச் செய்துவரும் ஹிகோனோகாமியை எடுத்துக்கொண்டால் இவ்விரு கேள்விகளுக்கும் வேலையே இல்லை. அதில் பூட்டும் கிடையாது, வில்லும் கிடையாது. எஃகு அலகு ஒன்று, நீளவாக்கில் மடித்துப் பிடியாக்கிய பித்தளைத் தகடு ஒன்று, இரண்டையும் கோத்து நிற்கும் தறையாணி ஒன்று, அதற்கு ஆதரவாக ஒரு வாஷர் என்று எண்ணி முடிப்பதற்குள் உறுப்புக்கள் தீர்ந்துபோகின்றன. இத்தனை சொற்பமான சாமான்களைக் கொண்டு இவ்வளவு திருப்தியளிக்கும் ஓர் உபகரணம் செய்துவிட முடியும் என்று யாரேனும் வாயால் சொல்லியிருந்தால் நான் தலையை மட்டும் ஆட்டியிருப்பேன். கையில் வைத்துப் பழகிய பின்னரே அதன் நியாயம் எனக்குப் புலப்பட்டது.

அந்த நியாயம் அலகின் பின்புறத்தில் தறையாணியைத் தாண்டி நீண்டிருக்கும் ஒரு சிறு வாலில் அடங்கியிருக்கிறது. ஜப்பானியர் சிகிரி என்று வழங்கும் இவ்வால், கத்தி மடங்கியிருக்கும்போது பிடியின் முனைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கட்டைவிரலால் அதை அழுத்தித் தள்ளினால் அலகு வெளியே சுழன்று வரும். முழுதும் விரிந்ததும் வால் பிடியின் முதுகின்மேல் வந்து படிந்துகொள்ளும். இப்போது ஒரு பழத்தையோ கயிற்றையோ அறுக்கும்போது, கத்தியின் வாய்மேல் விழும் விசை முழுவதும் அலகை மேலும் விரிக்கவே முயல்கிறது. வாலோ பிடியின் முதுகில் தட்டி நிற்பதால் அது சாத்தியமாவதில்லை. ஆகவே அறுக்கும் தொழிலே அலகைத் தன் நிலையில் ஸ்திரமாக நிறுத்திவைக்கிறது. எதிர்த்திசையில் அது மடங்காமல் காப்பது வாலின்மேல் படிந்திருக்கும் கட்டைவிரல் ஒன்றுதான். அதாவது, வேறு கத்திகளில் பொறிக்கு விடப்பட்டுள்ள பொறுப்பை இக்கத்தி பிடிப்பவனுடைய கைக்கே விட்டுவிடுகிறது. குத்தித் துளையிடவும், இடுக்கில் நுழைத்து நெம்பவும் ஆசைப்படுவோர் வேறு கத்தியைத் தேடிக்கொள்வது அவர்களுடைய விரல்களுக்கு க்ஷேமம்.

நான் உபயோகித்தது பெரிய அளவைச் சேர்ந்த, நீலத்தாள் எஃகு என்ற ரகத்தில் அமைந்த கத்தி. இந்த எஃகு ஷிமானே மாநிலத்து யசுகியில் உற்பத்தியாவது. கரிமம் 1 சதவீதத்துக்குச் சற்று மேலும், டங்ஸ்டனும் குரோமியமும் அளவோடும் சேர்ந்தது. தக்கபடி தோய்ச்சல் கொடுத்தால் ராக்வெல் அளவில் 60ஐ ஒட்டிய கடினத்தை எட்டக்கூடியது. அலகு முழுவதையும் இந்த எஃகினாலேயே செய்துவிடாமல், நடுவில் அதனை வைத்து இருபுறமும் மிருதுவான இரும்பை அணைத்துச் செய்வது அங்குள்ள கொல்லர் பரம்பரையின் சாதுரியம். கடின எஃகு கூர்மையைத் தாங்க, மெல்லிரும்பு அதிர்ச்சியைத் தாங்குகிறது. கல்லில் தீட்டும்போதும், தேயவேண்டிய பரப்பில் பெரும்பகுதி மெல்லிரும்பாகவே இருப்பதால் கைக்குச் சிரமம் குறைகிறது. அலகின் சரிவில் இவ்விரு உலோகங்களும் சந்திக்கும் இடத்தில் மங்கலான அலைக்கோடு ஒன்று ஓடுகிறது. அழகுக்காக எவரும் அதை வரைந்து வைக்கவில்லையாயினும், பார்க்கப் பார்க்க அலுக்காத கோடு அது.

பிரயோகத்தில் இதன் குணம் உடனே தெரிகிறது. சரிவு வாய்வரை நேராக இறங்கி, நுனியில் வேறொரு சாய்வு இல்லாமல் முடிவதால், பொருளுக்குள் இது செல்லும் லாவகமே தனி. பென்சிலைச் சீவினால் மரச்சுருள் முறியாமல் மெல்லிய நாடாவாகக் கழன்று விழுகிறது. முற்றாத மாங்காயைக் கீறினால் துண்டின் முகம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கிறது. தபாலில் வரும் அட்டைப்பெட்டிகளைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஆனால் இந்த மெல்லிய வாய்க்கு எலும்பும், மூங்கிற் கணுவும், கெட்டியான பிளாஸ்டிக்கும் ஜன்மப் பகை. அத்தகைய வேலை அடிக்கடி வாய்ப்பவர்கள், தீட்டி முடிக்கும் தறுவாயில் அலகைச் சிறிதளவு தூக்கிப் பிடித்து இரண்டொரு இழுப்பு இழுத்து, நுனிக்கு ஒரு நுண்ணிய இரண்டாம் சாய்வைக் கொடுத்துக்கொண்டால் வாய் பொரியாது.

நம் சீதோஷ்ணத்துக்கு இக்கத்தி பிறந்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், துடைக்காமல் வைத்த அலகு மறுநாள் காலைக்குள் செம்புள்ளிகளோடு காட்சி தரும். எலுமிச்சையும் மாங்காயும் அறுத்தால் எஃகின்மேல் கருநீலப் படலம் படர்கிறது. இது கேடன்று, பின்னால் வரும் துருவை ஓரளவு தடுக்கும் கவசமே. உபயோகித்த பின் உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் தடவி வைப்பது போதும். பித்தளைப் பிடி நாளடைவில் கருத்துப்போவதோடு, வியர்த்த உள்ளங்கையில் தன் வாசனையையும் விட்டுச்செல்லும். பித்தளையைக் கண்டால் புளிபோட்டு விளக்கத் துடிக்கும் நம் வீட்டுச் சிரத்தையை இதனிடம் காட்டாமலிருப்பது நலம். புளிநீர் பிடியின் மடிப்புக்குள் இறங்கினால், வெளியே பளபளப்பும் உள்ளே துருவுமாகக் கத்தி கெட்டுவிடும்.

மிக்கி, கோபே துறைமுகத்துக்கு வடமேற்கே ஹியோகோ மாநிலத்தில் உள்ள சிறு நகரம். 1578 முதல் 1580 வரையில் படைத்தலைவர் ஹிதேயோஷியின் சேனை அங்கிருந்த கோட்டையை முற்றுகையிட்டு, உள்ளிருந்தோரைப் பட்டினியால் பணியவைத்தது. போர் முடிந்தபின் பாழ்பட்ட ஊரை மீண்டும் கட்டுவதற்காக வரிவிலக்கு அளிக்கப்படவே, தச்சர்களும் அவர்களுடைய கருவிகளைச் செய்து கொடுக்கும் கொல்லர்களும் அங்கே வந்து குடியேறினர் என்பர். இன்றும் உளி, ரம்பம், இழைப்புளி ஆகியவற்றுக்கு அவ்வூர் பேர்போனது. 1876இல் மெய்ஜி அரசாங்கம் பொது இடங்களில் வாள் தரிப்பதைத் தடைசெய்த பிறகு, நாடெங்கும் வாட்கொல்லர் பலர் வீட்டுக் கத்திகளுக்கும் தொழிற்கருவிகளுக்கும் திரும்பவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. அந்நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், தெற்கே க்யூஷூவிலிருந்து ஓர் இரும்புச் சாமான் வியாபாரி மாதிரிக்குக் கொண்டுவந்த கத்தியைத் திருத்தி மிக்கிக் கொல்லர்கள் உருவாக்கியதே ஹிகோனோகாமி என்பது அங்கு வழங்கும் வரலாறு.

அதன்பின் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு ஜப்பானியச் சிறுவர்களின் சட்டைப்பைகளில் இக்கத்தி சர்வ சாதாரணமாக இருந்தது. பென்சில் சீவவும் மூங்கிலில் விளையாட்டுச் சாமான் செய்யவும் அவர்களுக்கு இதுவே கருவி. 1960 அக்டோபரில் டோக்கியோவில் சோஷலிஸ்டுக் கட்சித் தலைவர் அசானுமாவை, பொதுமேடையில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் குறுவாளால் குத்திக் கொன்றான். ஹிகோனோகாமிக்கும் அக்கொலைக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லை. ஆயினும் குழந்தைகளின் கையில் கத்தி கூடாது என்று எழுந்த இயக்கத்தில் முதலில் அடிபட்டது இதுதான். பென்சில் சீவும் இயந்திரம் பள்ளிக்கூடங்களில் புகுந்து எஞ்சியதையும் முடித்துவைத்தது. சங்கமாகக் கூடிப் பலர் செய்துவந்த தொழிலில், ஹிகோனோகாமி என்ற முத்திரைப் பெயரை உரிமையோடு பொறிக்கத் தகுந்த பட்டறை இன்று நாகாவோ கனெகோமா ஒன்றே. வேறு இடங்களில் அதே உருவில் வரும் கத்திகளில் நல்லவையும் இருக்கலாம். பெயர் மட்டும் அவற்றுக்கு உரியதன்று.

இதைக் கைவினை என்று சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பித்தளைத் தகட்டை மடிப்பது அச்சு இயந்திரமே. கொல்லன் சம்மட்டியை ஓங்கி ஒவ்வொரு பிடியையும் வளைக்கிறான் என்று கற்பனை செய்துகொள்வது வீண். ஆனால் அலகுக்குத் தோய்ச்சல் கொடுப்பதும், சாணையில் சரிவை இறக்குவதும், தறையாணியை அடித்து முடுக்கி, அலகு தானாக விழாமலும் விரலை வருத்தாமலும் விரியும்படி இறுக்கத்தை நிர்ணயிப்பதும் கண்ணும் கையும் செய்யும் காரியங்கள். கடைசியாகச் சொன்ன அந்த இறுக்கமே இக்கத்தியின் உயிர் என்பது என் அபிப்பிராயம். அது நாளடைவில் தளர்வது இவ்வகைக் கத்திகளின் இயல்பு; தளர்ந்தால், தறையாணியின் ஒரு தலையைப் பட்டடைமேல் அமர்த்தி மறுதலையைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் போதும். அளவு மிஞ்சித் தட்டினால் அலகை அசைக்கவே முடியாது. ஆகவே தட்டியும் விரித்தும் மாறி மாறிப் பார்க்கவேண்டும்.

நகானோ மாநிலத்து இக்கேதா என்னும் ஊரில் ஓர் ஆரம்பப்பள்ளி, 1980களிலிருந்து, புதிதாகச் சேரும் குழந்தைகளுக்கு இக்கத்தியையே பரிசளித்துப் பென்சில் சீவக் கற்பித்துவருகிறது. ஆறு வயதுக் குழந்தையின் கையில் பூட்டில்லாத கத்தியா என்று நமக்குத் திகிலாயிருக்கலாம். என் வீட்டிலும் அவ்வாறே ஆட்சேபம் எழுந்தது. பொறி காக்கும் என்ற நம்பிக்கை இல்லாதபோதுதான் விரல் எங்கே இருக்கவேண்டும் என்பதைக் கை முதல் நாளிலேயே கற்றுக்கொள்கிறது என்பது அவர்களுடைய சித்தாந்தம் போலும். இதனோடு பழகிய பிறகு அவர்கள் பக்கம் சேரவே எனக்கு விருப்பம்.

வாங்க விழைவோருக்கு இரண்டொரு வார்த்தை. சாமானிய ரகங்களில் சாதாரணக் கரிம எஃகு இருக்கும். விலை வித்தியாசம் அதிகமில்லையாதலால் நீலத்தாள் எஃகையே தேர்ந்தெடுக்கலாம். ஜப்பானில் அதுவும் சில ஆயிரம் யென்னுக்குள் கிடைக்கிறது, அஞ்சற்செலவும் சுங்கமும் தனி. நடுத்தர அளவு பைக்கு ஏற்றதாயினும், நீண்ட உள்ளங்கை படைத்தோருக்குப் பிடி போதாது. அங்கே பயணம் போகும்போது இதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உலாவ எண்ணவேண்டாம். தக்க காரணமின்றிக் கத்தி எடுத்துச் செல்வது அந்நாட்டில் சட்டவிரோதமாகக் கூடும், விமானத்திலும் கைப்பையில் அனுமதி கிடையாது. கத்தியோடு 1000 தரத்து நீர்க்கல் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். சரிவு முழுவதும் கல்லில் படியும்படி வைத்து, மறுபக்கத்தில் பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை ஒரு பக்கத்தைத் தேய்த்து, பிறகு பக்கம் மாற்றித் தேய்த்து, கடைசியில் பழைய தோல்வாரில் பிசிறைக் களைந்தால், புதுக்கத்தியில் இருந்ததைவிட நல்ல வாய் கிடைக்கும்.