வெள்ளைச் சுவரில் எழுதியது யார்?
அந்தலூஸியப் பயண எழுத்தும் எங்கட கரையும்

எங்கட ஆக்கள் எழுதும் ஸ்பெயின் பயணக் கட்டுரைகளுக்கு ஒரு தடம் விழுந்துவிட்டது. குர்துபாப் பள்ளிவாசலின் தூண்களில் தொடங்கும். அல்ஹம்ராவின் நீர்த்தடாகத்துக்கு வரும். 1492 ஜனவரி 2ஆம் திகதி கடைசிச் சுல்தான் அபூ அப்துல்லாஹ் கிரனடாவைக் கையளித்ததும், போகிற வழியில் திரும்பிப் பார்த்து அழுததும், தாய் அவரை ஏசியதுமான கதை கட்டாயம் இருக்கும். பிறகு, ஏறத்தாழ எண்ணூறு வருஷம் ஆண்டோமே என்ற பெருமூச்சு. அத்தோடு கட்டுரை முடியும், விமானமும் ஏறிவிடும்.

இதில் அழுவது யாருக்காக என்று கேட்டால் சங்கடமான பதில்தான் வரும். அரசுக்காக, அரண்மனைக்காக. அந்த அரண்மனையில் தரை கூட்டியவர், கரும்பு வெட்டியவர், பட்டுப்புழு வளர்த்தவர் ஒருவரும் இந்தக் கட்டுரைகளில் இல்லை. அல்லாமா இக்பாலைத் துணைக்கு அழைப்பார்கள். இக்பால் 1933இல் ஸ்பெயின் போய் குர்துபாப் பள்ளியில் தொழுதார். அந்தப் பயணத்தின் பேறான 'மஸ்ஜிதே குர்துபா' 1935இல் வந்த 'பாலே ஜிப்ரீல்' தொகுப்பில் இருக்கிறது. அது காலத்தைப் பற்றியும் இஷ்க்கைப் பற்றியும் யோசிக்கிற கவிதை. எங்கட பயணக்காரர்கள் அதிலிருந்து கண்ணீரை மட்டும் வடித்தெடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

இந்தக் கட்டுரைகளில் அரண்மனைகளுக்கு நடுவே ஒரு பந்தி மட்டும் வேறு மாதிரி வரும். கடற்கரையோரமாக பஸ்ஸில் போய், ஒரு வெள்ளைக் கிராமத்தில் அரைநாள் கழிப்பார்கள். பெரும்பாலும் அது ஃபிரிஹிலியானா. மலகா மாகாணத்தில், நெர்ஹா என்ற கடற்கரை ஊரிலிருந்து ஆறு கிலோமீற்றர் உள்ளே, மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் ஊர். சுண்ணாம்பு அடித்த வீடுகள், கூழாங்கல் பதித்த படிகள், வாசலில் பூச்சாடிகள். சனத்தொகை மூவாயிரம் அளவில்தான். 'அழகு, அமைதி, நோன்புப் பெருநாளைக்கு வெள்ளையடித்த எங்கட வீடுகளின் ஞாபகம்' என்று எழுதிவிட்டுத் திரும்பக் கிரனடாவுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பந்தியில்தான் விஷயமே இருக்கிறது. அவ்விடத்தில் அவசரப்படுகிறார்கள்.

லண்டனில் இருக்கிற மச்சான் ஒருவர் விடுமுறைக்கு அங்கே போய், போனில் படங்கள் அனுப்பியிருந்தார். பூச்சாடிகளுக்கும் கதவுகளுக்கும் இடையில் ஒரு டைல்ஸ் பலகை. அதுபோல் பன்னிரண்டு பலகைகள் அந்த ஊர்ச் சுவர்களில் பதிக்கப்பட்டிருக்கின்றன. மேலே ஏறிக்கொண்டே வாசித்தால் ஒரு கதை. இந்த டைல்ஸுக்கு ஸ்பானிய மொழியில் 'அஸுலெஹோ' என்று பெயர். 'அஸ்ஸுலைஜ்' என்ற அரபுச் சொல்லின் பிள்ளை. கதையோ, இந்த ஊரிலிருந்து அரபு பேசியவர்கள் எப்படி இல்லாமற்போனார்கள் என்பது.

கிரனடா சரணடைந்தபோது போட்ட உடன்படிக்கை முஸ்லிம்களின் மார்க்கத்தையும் பள்ளிகளையும் காப்பதாகச் சொன்னது. பத்து வருஷம் தாங்கவில்லை. 1499இல் கர்தினால் சிஸ்னெரோஸ் வந்து கட்டாய ஞானஸ்நானத்தைத் தொடங்கினார். 1502இல் கஸ்தீலில், மதம் மாறு அல்லது வெளியேறு என்ற கட்டளை. அப்படி மாற்றப்பட்டவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் மொரிஸ்கோக்கள் என்றார்கள். 1567இல் அரபு பேசுவதும் அரபு உடையும் அரபுப் பெயரும் ஹம்மாமும் தடை. அடுத்த வருஷ முடிவில் அல்புஹாராஸ் மலைகளில் கிளர்ச்சி வெடித்தது. ஃபிரிஹிலியானாவுக்கு மேலே இருக்கிற பெரும்பாறையில் சுற்றுவட்டாரக் கிராமத்துச் சனம் பெண்டு பிள்ளைகளோடு ஏறி நின்றது. 1569 ஜூனில் லூயிஸ் தெ ரெக்கெசென்ஸ் கப்பற்படையோடு வந்து இறங்கினார். பெண்கள் கல்லுருட்டினார்கள் என்றும், பிடிபட மனமில்லாமல் பாறையிலிருந்து குதித்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. தப்பியவர்கள் சிதறினார்கள். வேறிடத்துக் கிறிஸ்தவர்கள் கொண்டுவந்து குடியேற்றப்பட்டார்கள். கோட்டையும் போனது. கடைசியாக 1609இலிருந்து 1614 வரை முழு ஸ்பெயினிலிருந்தும் ஏறத்தாழ மூன்று லட்சம் மொரிஸ்கோக்கள் கப்பலேற்றப்பட்டார்கள்.

கொக்கிளாயில் ஒரு பின்னேரம் இந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். புல்மோட்டைப் பக்கமிருந்து களப்பின் வாயைக் கடந்தால் கொக்கிளாய். வலை பொத்திக்கொண்டிருந்த வயதான ஒருவர், நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மாஸ்டர், அந்தச் சனம் திரும்பி வந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. ஒருத்தரும் வரேல்ல."

"அப்ப ஆர் எழுதினது அந்தச் சுவரில?"

எந்தப் பயணக் கட்டுரையும் கேட்காத கேள்வி அது. எழுதியவர்கள், வெளியேற்றப்பட்டவர்களின் இடத்தில் குடியேற்றப்பட்டவர்களின் வழிவந்த ஊரார். நானூறு வருஷத்துக்கு மேல் பிந்தி எழுதியிருக்கிறார்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு மெச்ச முடியாது. அந்தப் போரைப் பற்றித் தெரிவதெல்லாம் பெரும்பாலும் லூயிஸ் தெல் மார்மோல் 1600இல் வெளியிட்ட வரலாற்றிலிருந்து வருவது. மார்மோல் அரபு தெரிந்தவர், வட ஆபிரிக்காவில் கைதியாக இருந்தவர், ஆனாலும் அரச படையின் பக்கத்து மனிதர். பாறைமேல் நின்றவர்களின் சொல் ஒன்றும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஆண்டுதோறும் ஓகஸ்ட் கடைசியில் 'மூன்று கலாசாரங்களின் விழா' என்று கிறிஸ்தவ, யூத, முஸ்லிம் பண்பாடுகளின் பேரில் அங்கே ஒரு விழா நடக்கிறது; ஆட்டம் பாட்டு, தெருவுக்குத் தெரு சிற்றுண்டி. மூன்றில் இரண்டு கலாசாரத்துக்காரரைத் துரத்திவிட்டு மூன்றையும் கொண்டாடுவது லேசு. ஆனால் சுவரில் பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். அந்த அளவுக்காவது எங்கட பக்கத்தில் ஒரு சுவர் இருக்கிறதா?

கேட்டவர் கொக்கிளாய்க்காரர். அவருக்கு அந்தக் கேள்வி வாயில் வந்ததற்குக் காரணம் உண்டு. 1984 டிசம்பர் முதலாம் திகதி கொக்கிளாயிலும் நாயாற்றிலும் கரையில் குடியிருந்த சிங்கள மீனவக் குடும்பங்கள் புலிகளால் கொல்லப்பட்டன. அதே மாதம் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்த் தமிழ்ச் சனம் இராணுவத்தால் ஊரை விட்டு விரட்டப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வர முடிந்தது. வந்து பார்த்தால் காணியிலும் கரைவலைப் பாட்டிலும் வேறு ஆக்கள். ஆறு வருஷம் கழித்து, 1990 ஒக்டோபரில், இதே முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதுமாக எழுபத்தையாயிரம் பேர் அளவில். யாழ்ப்பாணத்தாருக்கு இரண்டு மணி நேரம்தான் கொடுத்தார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்து எழுதிய ஓர் இலக்கியப் பிரதியை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அவரவர் வெளியேற்றத்தை அவரவர் எழுதியிருக்கிறோம். எங்கட இழப்பைக் கணக்கெடுத்துப் பதிவுசெய்யப் பேராதனைப் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் 2018இல் மௌத்தாகும்வரை உழைத்தார். அவரே மன்னார்க்காரர், அவருடைய ஊரும் வெளியேற்றப்பட்ட ஊர். குடிமக்கள் ஆணைக்குழு ஒன்றின் அறிக்கையும் 2011இல் வந்தது. ஆவணம் இருக்கிறது. கவிதையும் கதையும் இருக்கின்றன. ஆனால் எங்கட கதைகளில் 1990 ஒக்டோபருக்கு முன்னே காலமே இல்லாததுபோல் ஒரு தோற்றம். 1984இல் களப்பைத் தாண்டி ஓடிவந்த கொக்கிளாய்ச் சனம் அதில் இல்லை. அவர்கள் கதைகளில் நாங்களும் இல்லை. 1492ஐ மனப்பாடமாகச் சொல்லுகிற பிள்ளைக்கு, வள்ளத்தில் கடக்கிற தூரத்தில் நடந்த 1984 தெரியாது. வகுப்பில் கேட்டுப் பார்த்தவன் என்றபடியால் சொல்கிறேன்.

அந்தலூஸியாவிலிருந்து நாங்கள் படிக்க வேண்டியது அரண்மனையில் இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு சான்றுகள் உண்டு. ஒன்று மொரிஸ்கோக்களின் சொந்த எழுத்து. அரபு தடைசெய்யப்பட்ட பிறகு, அதுவும் வடக்கே அரகோன் பகுதியில், அவர்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். 'அல்ஹமியாதோ' என்று அதற்குப் பெயர். அரபுத் தமிழ் தெரிந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) காலத்து வீடுகளில் அரபுத் தமிழ்க் கிதாபு திறந்த றேக்கில் இருந்தது, உம்மாமார் சத்தமாக ஓதினார்கள். அங்கே அதே காரியம் உயிர்ப்பயத்தோடு நடந்தது. 1884இல் அல்மொனாசித் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த்தளத்துக்குள் ஒளித்துவைத்த ஏடுகள் குவியலாக வெளிவந்தன. துஆக்கள், நபிமார் கதைகள், பிக்ஹு விதிகள். இந்த வகையில் எழுதியவர்களில் 'அரேவலோ இளைஞர்' என்று மட்டும் அறியப்பட்ட ஒருவர் உண்டு. கிரனடாவின் வீழ்ச்சியைக் கண்ட முதியவர்களிடம் போய் இருந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிவைத்தார். சுல்தானின் கண்ணீர்க் கதையைவிட எனக்கு அந்தப் பெயரில்லாத பொடியன் பெரிய ஆள்.

மற்றச் சான்று, வெளியேற்றியவர்களின் பக்கத்தில் பிறந்த ஒருவர் எழுதியது. செர்வாந்தஸ் அல்ஜீரியாவில் ஐந்து வருஷம் கைதியாகக் கிடந்தவர். முஸ்லிம்களை நேசிக்க அவருக்குக் காரணம் இருந்ததென்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் 'தொன் கிஹோத்தே'யை ஓர் அரபு வரலாற்றாசிரியர் எழுதினார், தொலேதோச் சந்தையில் கிடைத்த அந்த ஏட்டை ஒரு மொரிஸ்கோ மொழிபெயர்த்துத் தந்தான் என்று விளையாட்டாகச் சொல்லி வைத்தார். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தின் 54ஆம் அத்தியாயத்தில் விளையாட்டு நிற்கிறது. வெளியேற்றம் முடிந்து ஒரு வருஷந்தான். ரிகோத்தே என்ற மொரிஸ்கோக் கடைக்காரன், ஜெர்மன் யாத்திரிகர் வேஷத்தில், புதைத்து வைத்த பணத்தை எடுக்கத் தன் ஊருக்கு வருகிறான். வழியில் பழைய அயலவன் சாஞ்சோவைக் காண்கிறான். இருவரும் மரநிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எங்கே போனாலும் ஸ்பெயினை நினைத்துத்தான் அழுகிறோம் என்ற கருத்தில் ரிகோத்தே பேசுகிறான். ராஜா செய்தது சரிதான் என்றும் சொல்கிறான். தணிக்கைக்குப் பயந்து எழுதியதா, விரட்டப்பட்டவன் வாயில் அப்படியும் வரும் என்று தெரிந்து எழுதியதா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் படுகிறது. புத்தளம் முகாம்களில் வளர்ந்தவர்கள், "நாங்களும் சும்மா இருக்கேல்லத்தானே" என்று தங்களையே குற்றஞ்சாட்டிப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்த அத்தியாயத்தில் என்னைப் பிடித்து நிறுத்துவது சாஞ்சோ சொல்வது. ரிகோத்தேயின் மகள் ஊரை விட்டுப் போன நாளில் ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது, அவள் எல்லாரையும் கட்டிக்கொண்டு அழுதாள், தானும் அழுதேன் என்கிறான். அவளை ஒளித்து வைக்கச் சிலருக்கு மனமிருந்தது, ராஜ கட்டளைக்குப் பயந்து செய்யவில்லை என்கிறான். பணம் எடுக்க உதவி செய் என்றால் மாட்டேன் என்கிறான். காட்டிக்கொடுக்கவும் மாட்டேன் என்கிறான். கேட்டால் சுண்ணாம்பும் தராத அயலவன் என்று அவனைத் தள்ளவும் முடியவில்லை, நல்லவன் என்று தூக்கிவைக்கவும் முடியவில்லை. 1990இல் சாமானை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்த அயலவரும் உண்டு, படலையில் நின்று அழுதுவிட்டுப் பிறகு எங்கட வளவிலேயே குடியிருந்தவரும் உண்டு. சில இடத்தில் இரண்டும் ஒரே ஆள். அந்த ஆளைத் தமிழில் முழுமையாக எழுதியவர் யார்? தமிழ் எழுத்தாளர் எழுத வேண்டும் என்று காத்திருக்கிறோம். 1984இல் அடுத்த ஊர் காலியானபோது நாங்கள் எந்தப் படலையில் நின்றோம் என்று நாங்கள் எழுதினோமா?

இதை வைத்து அந்தலூஸியாவுக்குப் போகாதே என்று சொல்ல வரவில்லை. போகிறவர்கள் அந்தப் பன்னிரண்டு பலகைகளையும் நின்று வாசிக்கட்டும். அங்கே கரும்புச் சாற்றைக் காய்ச்சி இன்றும் பாணி எடுக்கும் ஆலை ஒன்று ஊர் வாசலிலேயே இருக்கிறது. கரும்பை அந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அரபுகள். 'சுக்கர்' அவர்கள் வாயில் 'அஸூகர்' ஆனது, எங்கட வாயில் அதன் உறவான 'சர்க்கரை' இருக்கிறது. ஆலையையும் எழுதட்டும், அதில் வேலை செய்கிறவர்களிடம் இந்த ஊர் யாருடையது என்று கேட்டு அந்தப் பதிலையும் எழுதட்டும்.

செர்வாந்தஸ் ரிகோத்தேயை அந்த அத்தியாயத்தோடு விடவில்லை. பார்சலோனாவில் மகளைக் கண்டுபிடிக்கிறான். இருவரும் நாட்டில் இருக்க அனுமதி வாங்கித் தருகிறேன் என்று ஒரு பெரிய மனிதர் அரசவைக்குப் புறப்படத் தயாராகிறார். ரிகோத்தேக்கு நம்பிக்கையில்லை: வெளியேற்றத்துக்குப் பொறுப்பான அதிகாரி கெஞ்சலுக்கும் காசுக்கும் மசியாதவர் என்கிறான். 65ஆம் அத்தியாயம் அது. அனுமதி கிடைத்ததா, விண்ணப்பம் எந்த மேசையில் கிடந்தது என்று நாவல் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாப்பாவையும் மகளையும் பற்றி ஒரு வரியும் இல்லை.