சத்தம் குறைந்தது, வேகமும் குறைந்தது

தாம்பரத்தில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. முகாமில் ஒருமுறை கார்பைனைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். சுட விடவில்லை, தொட்டுப் பார்த்ததோடு சரி. வளைந்த மேகசின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததால் துப்பாக்கி கையில் நிற்காமல் அந்தப் பக்கமே சாய்ந்தது. மேகசினைப் பிடிக்கப் போனேன். "அங்க பிடிக்காதே, குழல் உறையைப் பிடி" என்று அதட்டினார் ஹவில்தார்.

அந்தக் கார்பைனின் பூர்வீகம் லண்டனை ஒட்டிய டேகன்ஹாம். ஜார்ஜ் பேட்சட் என்பவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வடிவமைத்தார். 1953ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றது. தயாரித்த நிறுவனத்தின் பெயரால் 'ஸ்டெர்லிங்' ஆயிற்று. உரிமம் பெற்று இங்கே அதைச் செய்தது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை. நாம் இட்ட பெயர் கார்பைன் 1ஏ1. காலி எடை சுமார் 2.7 கிலோ, மேகசினில் 34 தோட்டாக்கள். இதில் எனக்குப் பிடித்தது போல்ட்தான். அதன் உடம்பைச் சுற்றித் திருகு வரிகள் வெட்டியிருப்பார்கள். முன்னும் பின்னும் போகும்போதெல்லாம் மண்ணையும் கரியையும் அதுவே வழித்துத் தள்ளிவிடும். அழுக்குப் பட்டால் மக்கர் செய்யும், இதற்கு முந்தைய ஸ்டென் துப்பாக்கியோடு மாரடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். (ஸ்டார் வார்ஸ் படத்தில் வெள்ளைக் கவச வீரர்கள் ஏந்தி வருவதும் ஒப்பனை செய்த ஸ்டெர்லிங்தான்.)

இதன் அபூர்வமான தம்பி, சத்தம் அடக்கிய 2ஏ1. பிரிட்டனின் எல்34ஏ1 வகையை ஒட்டியது. குழலிலேயே சிறு துளைகள் இட்டு, வெடிவாயுவில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள உறைக்குள் திருப்பிவிடுகிறார்கள். சாதாரண 9 மி.மீ. தோட்டா நொடிக்கு ஏறக்குறைய 390 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, ஒலியை முந்தும்போது 'பட்'டென்று வெடிச் சத்தம் தரும். இங்கே அது 300 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுவதால் அந்தச் சத்தமே எழாது. தனித் தோட்டா தேடி அலைய வேண்டாம், கிடங்கில் இருப்பதே போதும். படைக்கு இது பெரிய வசதி, மறுக்க முடியாது.

ஆனால் விலை உண்டு. வேகம் குறைந்த தோட்டாவுக்குத் தாக்கும் வலுவும் குறைவு. எடை முக்கால் கிலோவுக்கு மேல் கூடுகிறது. உறைக்குள் கரி சேர்கிறது, சுத்தம் செய்வது பெரும்பாடு. தொடர்ந்து சுட்டால் சூடேறிவிடும்; ஒவ்வொரு தோட்டாவாகச் சுடுவதே முறை. இத்தனைக்குப் பிறகும் திறந்த போல்ட் முன்னால் பாயும் 'டக்' சத்தம் அப்படியே கேட்கும்.

நான் குறை காண்பது தம்பியை அல்ல. காவலாளி அறியாமல் நெருங்க வேண்டிய இடத்துக்கு என்று பிறந்தது அது. அந்த வேலைக்குப் பழுதில்லை. என் குறையெல்லாம் அண்ணனுக்கு மாற்று தேடுவதில் நாம் காட்டிய மெத்தனத்தின் மீதுதான். பிரிட்டன் 1990களில் ஸ்டெர்லிங்கை ஓரம்கட்டியது, தயாரித்த நிறுவனமோ 1988லேயே மூடப்பட்டது. நாமோ மாற்றுக் கார்பைனுக்கு டெண்டர் விடுவதும் ரத்து செய்வதுமாகக் காலத்தைக் கடத்தினோம். 2018ல் தேர்வான அமீரக நிறுவனத்தின் கார்பைனும் 2020ல் கைவிடப்பட்டது. மறு ஆண்டு அறிமுகமான உள்நாட்டு 'அஸ்மி' 9 மி.மீ. துப்பாக்கியை உருவாக்க எடுத்த காலம் நான்கே மாதம்.