குல்லா யாருடைய அளவுக்கு?

சாலவாக்கத்தில் மார்கழி விடியற்காலை குளிரும்தான், ஆனால் பல் தந்தியடிக்கிற குளிர் அல்ல. பாதரசம் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். சித்திரையில் அதே ஊரில் 40-ஐத் தொடும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உல்லன் குல்லா பின்னித் தருகிறோம் என்று யாராவது வந்தால் சிரிப்புதான் வரும். ஒன்றரைக் கிலோ எடையில், பிறந்து அரைமணி நேரமே ஆன குழந்தைக்கு என்றால் சிரிக்க முடியாது.

அந்தக் குழந்தை ஈரத்தோடு பிறக்கிறது. தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. சூடு அதன் வழியே இறங்குகிறது. உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. நமக்குப் புழுக்கமாக இருக்கும் பிரசவ அறையில், தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியே அதற்குப் போதும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு பராமரிப்பில், தாயின் வெற்று மார்போடு அணைத்த குழந்தைக்கு உள்ள உடுப்பே குல்லா, அரைத்துணி, காலுறைதான். பிறந்தவுடனே இதைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு கால்பங்கு குறைகிறது என்று, இந்தியாவும் பங்கேற்ற உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2021-இல் சொன்னது. ஆனால் அந்தப் புகழ் தாயின் மார்புக்கு உரியது. குல்லா கூடமாட உதவுகிற பொருள். ‘ஒரு குல்லா ஓர் உயிர்’ என்று பேசுவது மிகை.

மிகையாகப் பேசினால் அளவு தவறும். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 34 செ.மீ.; ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு 28, 30 இருந்தால் அதிகம். அன்போடு பின்னப்படும் குல்லாவோ பெரும்பாலும் கொழுகொழுவென்ற குழந்தையை மனதில் வைத்துப் பின்னப்படுகிறது. உச்சியில் பந்து, பக்கத்தில் பூ, கரடிக் காது, பொத்தான். கடையில் ‘உல்லன்’ என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். அது வியர்வையை உறிஞ்சாது. சல்லடைப் பின்னல் பார்க்க அழகு, சூட்டைப் பிடித்து வைக்காது. உள்ளூர்த் தையற்காரர் பனியன் துணியில் பத்து நிமிடத்தில் தைத்துத் தருவது இதைவிடப் பொருத்தமாக இருக்கும். குரோஷாப் பின்னலின் பெருமை இழுவையில்தான்: நெருக்கமாகப் பின்னினால் தலையோடு ஒட்டி நிற்கும், தலை வளர்ந்தால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். மற்ற இன்பமெல்லாம் பின்னுகிறவருக்கு. அதில் குற்றம் இல்லை, ஆனால் அதைக் குழந்தையின் கணக்கில் எழுதக் கூடாது.

2016-இல் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வை பின்னி கின்னஸில் இடம்பிடித்தது. இத்தனை கைகள் நம்மிடம் இருக்கின்றன என்பது பெரிய சேதி. சாதனையின் அளவுகோல் பரப்பளவு. பச்சிளங்குழந்தை வார்டின் அளவுகோல் வேறு. அமெரிக்காவில் ‘சேவ் த சில்ட்ரன்’ 2006-இல் தொடங்கிய குல்லா இயக்கம் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், பின்னியவர்களை அதிபருக்குக் கடிதமும் எழுத வைத்ததுதான். பிறக்கும் குழந்தை ஏன் குளிர்ந்து சாகிறது என்று ஆட்சியைக் கேட்கிற கை, வெறுமனே கொடுக்கிற கையைவிட மேல்.

கூலிப் பேச்சும் இருக்கிறது. ஆந்திரத்து நரசாப்பூரில் குரோஷா லேஸ் பின்னிய பெண்களின் உழைப்பு எப்படி ‘வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு’ ஆக்கப்பட்டுச் சொற்பக் கூலியில் முடிந்தது என்பதைச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் புத்தகமாகவே எழுதினார். நகரத்து நல்லெண்ணம் இலவசமாக அனுப்பும் குல்லா, சாலவாக்கம் மகளிர் சுய உதவிக் குழு காசுக்குச் செய்யக்கூடிய வேலையை எடுத்துக்கொள்கிறது என்றும் பார்க்கலாம்.

நம் ஊரில் குல்லாவுக்கு ஒரு வசதி உண்டு. பிறந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள் என்றால் பாட்டி நர்ஸம்மாவோடு சண்டைக்கு வருவார். தலையை மூடுங்கள் என்றால் உடனே கேட்பார். காதில் காற்று போகக் கூடாது என்பது அவர் கட்சி. அதே பாட்டிதான் சித்திரை வெயிலிலும் மங்கி குல்லாவைக் கழற்ற விடமாட்டார். பிறந்த முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2022 பரிந்துரை. உடம்பு அளவுக்கு மீறிச் சூடாவது தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தோடு தொடர்புடையது. ஆகவே பின்னுகிறவர்கள் முதலில் போக வேண்டியது நூல் கடைக்கு அல்ல, பச்சிளங்குழந்தை வார்டு நர்ஸிடம். எத்தனை செ.மீ., எத்தனை குல்லா, வெந்நீரில் துவைத்தால் தாங்குமா என்று கேட்டு, பருத்தி நூலில், பொத்தான் இல்லாமல் பின்னட்டும். எப்போது கழற்ற வேண்டும் என்று தமிழில் ஒரு சீட்டும் கூட வரட்டும்.