ஸ்மித் என்ற பெயர்

ஆங்கில நாவலைத் தமிழ்க் காதோடு படிக்கிறவனுக்கு ஸ்மித் என்பதும் எலியட் என்பதும் ஒன்றுதான். இரண்டும் அந்நியச் சப்தங்கள். எது உசத்தி, எது மட்டம் என்று நம் காது சொல்வதில்லை. ஆங்கிலேயன் காதிலோ ஸ்மித் என்றால் ஒரு கூட்டமே வந்து விழுகிறது. உலோகம் அடிக்கிறவனுக்கு இட்ட தொழிற்பெயர், பரம்பரையாகத் தங்கிப் பெருகி, இங்கிலாந்தின் மற்றெந்தக் குடும்பப் பெயரையும்விட அதிகம் பேரிடம் இருக்கிறது. ஆளை அடையாளம் காட்ட வேண்டிய பெயரே ஆளை மறைக்கிறது. இந்த முரணைக் கதைக்குள்ளேயே இயங்கவிட்ட மூன்று நாவல்கள் முக்கியமானவை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜேன் ஆஸ்டின் மறைந்த 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'பெர்சுவேஷன்', சர் வால்ட்டர் எலியட்டைக் கையில் ஒரு புத்தகத்தோடுதான் அறிமுகப்படுத்துகிறது. பாரனெட் பட்டமுள்ள குடும்பங்களின் வம்சாவளி அது. அதில் தன் குடும்பத்தின் பக்கத்தைப் படிப்பது அவருக்கு அலுக்காத சுகம். அவர் மகள் ஆன், பாத் நகரில், பிரபு குடும்பத்தின் மாலை அழைப்பை ஒதுக்கிவிட்டு, நோயில் முடங்கிய ஏழை விதவையான பழைய பள்ளித் தோழியைப் பார்க்கப் போகிறாள். தோழியின் பெயர் மிஸஸ் ஸ்மித். எங்கும் காணக் கிடைக்கிற ஆயிரக்கணக்கான ஸ்மித்துகளில் ஒருத்திக்காகவா என்று ஏளனம் செய்கிறார் தகப்பனார்.

ஆஸ்டின் இதற்கான பதிலைக் கதையமைப்பில் வைத்திருக்கிறார். எலியட் வம்சத்தின் வாரிசான வில்லியம் எலியட்டின் உண்மை முகத்தை ஆனுக்குக் காட்டுகிறவள் இந்த மிஸஸ் ஸ்மித்தான். அவள் எடுத்துக் கொடுக்கும் பழைய கடிதத்தில், எலியட் என்ற பெயரே சலித்துவிட்டது என்று அந்த வாரிசு எழுதியிருக்கிறான். எழுதியது அவளுடைய கணவனுக்கு, ஒரு ஸ்மித்துக்கு. வம்சாவளி சொல்லாத உண்மையை, எந்த வம்சாவளியிலும் இடமில்லாத ஒருத்தி பத்திரமாக வைத்திருக்கிறாள்.

வர்ஜீனியா உல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' (1925) நாவலில் வருபவன் ஸெப்டிமஸ் வாரன் ஸ்மித். லண்டன் எத்தனையோ லட்சம் ஸ்மித்துகளை விழுங்கிய ஊர். பெற்றோர் தேடிப் பிடித்து முன்னால் ஒட்டிய விசித்திரப் பெயர் அவனைக் காப்பாற்றப்போவதில்லை என்பதை நாவல் முன்னதாகவே உணர்த்திவிடுகிறது. யுத்தத்துக்குப் போய் உயிரோடு திரும்பியவன், மனம் சிதைந்து, ஜன்னல் வழியே குதித்துச் சாகிறான். அன்றிரவு கிளாரிஸாவின் விருந்துக்கு அந்தச் சாவு வந்து சேர்கிறது. பெயர் வந்து சேரவில்லை. யாரோ ஓர் இளைஞன், அவ்வளவுதான். பெயரற்ற அந்தச் சாவைத்தான் அவள் தன் அனுபவமாக ஏற்கிறாள். ஆஸ்டினிடம் பெயரைத் தாண்டி ஆளைக் காண ஒரு தோழி நடந்து போனாள். உல்ஃபிடம் பெயர் உதிர்ந்த பிறகுதான் அவன் இன்னொரு மனத்தைத் தொடுகிறான்.

1949இல் வெளிவந்த ஆர்வெலின் '1984' நாவலில் வின்ஸ்டன் ஸ்மித்துக்கு 6079 என்று எண்ணும் உண்டு. அந்த எண் எல்லோர் கண்ணிலும் படும். அதைவிடப் பயங்கரம் அவன் பார்க்கிற உத்தியோகம். பழைய பத்திரிகைகளில், ஒழிக்கப்பட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டுத் திருத்தி எழுத வேண்டும். அப்படி ஒருவனை நீக்கிய இடத்தில், என்றுமே வாழ்ந்திராத ஓகில்வி என்ற வீரனுக்கு ஒரு வாழ்வையும் சாவையும் கற்பித்துத் தருகிறான். அந்த வேலையில் அவனுக்கு இன்பமும் இருக்கிறது. இந்த ஸ்மித் வெறும் பலி அல்ல. பெயர்களை விழுங்கும் யந்திரத்துக்கு அவனும் ஒரு கை.

சாதாரண மனிதனை எழுதுகிறோம் என்பவர்கள், சாதாரணப் பெயர் ஒன்றை வைத்ததுமே பாதி வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். பெயரின் சாதாரணம் வெறும் தகவல். அது யார் வாயில் ஏளனமாகிறது, எந்த இடத்தில் உதிர்கிறது, அதைச் சுமப்பவன் யாருக்குக் கருவியாகிறான் என்று காண்பதில்தான் சிருஷ்டி தொடங்குகிறது. மொழிபெயர்ப்பில் ஸ்மித் என்ற சப்தம் மட்டும் வந்து சேர்ந்தால் இவை எதுவும் கூட வருவதில்லை. சர் வால்ட்டர் பெயரைக் கேட்டதுமே ஆளைத் தள்ளிவிட்டார். நாம் பெயரே காதில் விழாமல் ஆளைக் கடந்து போகிறோம்.