மணலுக்கும் சிப்புக்கும் நடுவில் ஓர் ஆலை

தமிழில் சிப் பற்றி வரும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: காலடியில் கிடக்கும் மணல்தான் கணினியின் மூளை. படிக்க ஜோராத்தான் இருக்கு. எனக்கு அதோடு சண்டை. நடுவில் இருக்கும் ஆலையை அந்த வாக்கியம் முழுங்கிவிடுகிறது.

முதலில், உலைக்குப் போவது பெரும்பாலும் மணல் இல்லை, குவார்ட்ஸ் கல். எங்கள் பனமரத்துப்பட்டிப் பக்கம் வெங்கச்சங்கல் என்போம். இருட்டில் ரெண்டை உரசினால் வெளிச்சம் தெறிக்கும். அதைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் போட்டால் 98, 99 சதவீதச் சிலிக்கான் வரும். அலுமினியத்தில் கலக்க அது போதும். சிப்புக்கு அது குப்பை. நூறு கோடி அணுவில் ஒன்று வேற்றணுவாக இருப்பதே அங்கே பெரிய விஷயம்.

திடப்பொருளை அந்த அளவுக்குக் கழுவ முடியாது. அதனால் ஹைட்ரஜன் குளோரைடு சேர்த்து ட்ரைகுளோரோசிலேன் என்ற திரவமாக்குகிறார்கள். சுமார் 32 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம்ம ஊர் மதிய வெயில் போதும். அதைத் திரும்பத் திரும்ப வடித்து, ஹைட்ரஜனோடு, 1,100 டிகிரி அளவில் தகிக்கும் மெல்லிய சிலிக்கான் கம்பிகள்மேல் விடுகிறார்கள். நாள்கணக்கில் கம்பி பருக்கிறது. உள்ளே போனதில் கொஞ்சம்தான் படியும். பெரும்பகுதி டெட்ராகுளோரைடாக வெளியே வரும். அதை மீட்டுத் திரும்ப உள்ளே விடத் தெரிந்தவனுக்குத்தான் பிழைப்பு. மின்கட்டணம் தனிக்கதை.

இது எங்கேயோ அமெரிக்காவில் மட்டும் நடந்ததல்ல. 1980-களில் இதே சேலம் மாவட்டத்தில், மேட்டூரில் நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஆர். வாசுதேவ மூர்த்தி உருவாக்கிய முறையை வைத்து மெட்கெம் சிலிக்கான் என்ற நிறுவனம் உற்பத்தியில் இறங்கியது. மேட்டூர் ஏன்? அங்கே 1936-இல் தொடங்கிய மேட்டூர் கெமிக்கல்ஸ் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுத்துக்கொண்டிருந்தது. கூடவே வரும் குளோரினும் ஹைட்ரஜனும்தான் சிலிக்கானுக்கும் வேண்டியவை. அதே காலத்தில் டெல்லியில் வேறொரு திட்டம்: அமெரிக்காவின் ஹெம்லாக் நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கிப் பரோடாவில் பெரிய ஆலை. உள்ளூர் முறையா, வாங்கின முறையா என்று பெரிய விவாதமே நடந்தது. பரோடா ஆலை வரவே இல்லை. மேட்டூரும் பெரிதாக வளரவில்லை. இன்று உலகப் பாலிசிலிக்கானில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவில் தயாராகிறது. நம் கூரைமேல் இருக்கும் சோலார் பலகைக்கும் மூலப்பொருள் அதுதான்.

சின்ன ஆலையில் கிலோவுக்கு ஆகும் செலவு குறையாது. பெரிய ஆலைக்கு மலிவான மின்சாரமும் பொறுமையான முதலும் வேண்டும். ‘நாமும் சிப் செய்வோம்’ என்று இப்போது எழுதுகிறவர்கள் மோத வேண்டிய இடம் இது. மணல் வாக்கியமோ மூலப்பொருள் இலவசம், மூளை இருந்தால் போதும் என்று சொல்லிக்கொடுக்கிறது. ஆலையே கண்ணில் படாவிட்டால் அது ஏன் வளரவில்லை என்ற கேள்வி எப்படி வரும்?

இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு. நாமக்கல் பக்கத்துக்காரரான கு. சின்னப்ப பாரதி ‘சர்க்கரை’ எழுதினார், ‘சுரங்கம்’ எழுதினார். ஆலையையும் சுரங்கத்தையும் நாவலுக்குள் கொண்டுவர அவர் கூச்சப்படவில்லை. ரசாயன ஆலை மட்டும் நமக்குப் புகையாகவும் நாற்றமாகவுமே தெரிகிறது. அந்தப் புகையும் நாற்றமும் உண்மைதான், மேட்டூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் ராத்திரி ஷிப்டில் கம்பி பருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கரண்ட் போய்விடக்கூடாதே என்று உட்கார்ந்திருந்த ஆளும் உண்மைதானே. அவருக்கு என்ன சம்பளம், ஆலை சுருங்கியபோது எங்கே போனார், யாராவது எழுதுங்களேன்.