வீடியோ கேம் நாவல்களில் பாத்திர ஒருமை: ஜில்லியன் கிரேசனை முன்வைத்து

ஒரு வீடியோ கேமின் கதையுலகைக் களமாகக் கொண்டு, அதன் உரிமையாளரின் இசைவுடன் பல நாவல்கள் எழுதப்படுகின்றன. இவற்றில் ஒருவர் படைத்த கதைமாந்தரை இன்னொருவர் தொடர்ந்து எழுத நேர்வது வழக்கம். அப்போது இரண்டு வகைப் பிழைகள் ஏற்படலாம். ஒன்று, காலம், இடம் பற்றிய தகவல் முரண். மற்றொன்று, கதைமாந்தரின் இயல்பில் தோன்றும் முரண். இரண்டையும் ஒன்றாக எடைபோடுவது சரியன்று.

தகவல் முரண்

எரிக் நைலண்ட் எழுதிய 'ஹேலோ: தி ஃபால் ஆஃப் ரீச்' நாவல் 2001 அக்டோபரில், முதல் ஹேலோ விளையாட்டுக்குச் சற்று முன்னதாக வெளிவந்தது. அதில் ரீச் என்னும் கோள் 2552 ஆகஸ்ட் 30 அன்று தாக்கப்பட்டு வீழ்கிறது. பங்கி நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'ஹேலோ: ரீச்' விளையாட்டிலோ பகைவர் ஜூலையிலேயே அங்கு வந்துவிடுகின்றனர். நாவலில் விண்வெளியில் நிற்கும் 'பில்லர் ஆஃப் ஆட்டம்' கப்பல், விளையாட்டில் தரையிலிருந்து கிளம்புகிறது. நாவலை நேசித்தவர்கள் குறைபட்டுக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டுப் போர்வீரனாக்கப்பட்ட ஜானின் கதை அதனால் சிதையவில்லை. அதே ஆண்டு வந்த நாவலின் மறுபதிப்பில் சில திருத்தங்களும் செய்யப்பட்டன. தேதிப் பிழையைத் திருத்த ஒரு வரி போதும்.

இயல்பு முரண்

'மாஸ் எஃபெக்ட்' வரிசையின் முதல் மூன்று நாவல்களை எழுதியவர், முதல் விளையாட்டின் தலைமைக் கதாசிரியரான ட்ரூ கார்பிஷின். 2008இல் வந்த 'அசென்ஷன்' நாவலில் ஜில்லியன் கிரேசன் என்ற 12 வயதுச் சிறுமி அறிமுகமாகிறாள். அவளுக்கு அபார ஆற்றல் உண்டு, ஆட்டிசமும் உண்டு. பிறர் தொடுவதை அவளால் தாங்க இயலாது. அவளுடைய ஆசிரியை கேலி சாண்டர்ஸ் பொறுமையோடு அவள் நம்பிக்கையைப் பெறுவதே அந்நாவலின் உயிர்ப்பகுதி.

நான்காவது நாவலான 'டிசெப்ஷன்' 2012 ஜனவரி இறுதியில் வெளிவந்தது. எழுதியவர் வில்லியம் டீட்ஸ். இதில் வளர்ந்துவிட்ட ஜில்லியனிடம் ஆட்டிசத்தின் சுவடே இல்லை. அது எப்படி மறைந்தது என்ற விளக்கமும் இல்லை. வாசகர்கள் நாவலின் பிழைகளை நீண்ட பட்டியலாகத் தொகுத்தனர். சில நாள்களிலேயே பயோவேர் நிறுவனமும் டெல் ரே பதிப்பகமும் வருத்தம் தெரிவித்து, அடுத்த பதிப்புகளில் மாற்றம் செய்வதாக அறிவித்தன.

வளர்ந்தவள் மாறக்கூடாதா என்று கேட்கலாம். மாறலாம். கூட்டத்தில் பழக, பேச, தன்னை அடக்கிக்கொள்ள அவள் கற்றிருக்கலாம். ஆனால் ஆட்டிசம் வயது ஏறினால் இறங்கிவிடும் காய்ச்சல் அன்று. கற்றதை எப்படிக் கற்றாள், அதற்கு என்ன விலை கொடுத்தாள் என்பதைக் காட்டியிருந்தால் அது வளர்ச்சி. காட்டாமல் விட்டதால் பெயர் மட்டும் எஞ்சியது, ஆள் மாறிவிட்டாள். தன்னைப் போன்ற ஒருத்தியைக் கதையில் கண்டு மகிழ்ந்த வாசகருக்கு இது தகவல் பிழையாகத் தோன்றாது. தான் அழிக்கப்பட்டதாகவே தோன்றும்.

மதிப்பீடு

விளையாட்டு நிறுவனங்கள் கோள்கள், கப்பல்கள், ஆண்டுகள் ஆகியவற்றுக்குக் குறிப்பேடு வைப்பது நல்லதே. அதே கவனத்துடன் ஒவ்வொரு கதைமாந்தரும் எதற்கு அஞ்சுவார், யாரை நம்புவார், எதைச் செய்யவே மாட்டார் என்பதையும் எழுதி வைத்து, அடுத்த எழுத்தாளர் கையில் கொடுக்க வேண்டும். கப்பல் எங்கிருந்து கிளம்பியது என்பதை வாசகர் மறந்துவிடுவார். ஜில்லியனை மறக்கமாட்டார்.