தொட்டி சொல்லும் பாடம்

ச. பாலமுருகன் 2004-இல் தந்த 'சோளகர் தொட்டி' புதினத்தைப் படித்து முடித்தோம், நெஞ்சம் கனத்தது. வீரப்பனைத் தேடுவதாகக் காடு புகுந்த அதிரடிப்படையால் பழங்குடிக் குடும்பம் சிதைகிறது. கணவன் காட்டிலே, மனைவி வதைமுகாமிலே! ஆயினும் ஆசிரியர் கண்ணீர் வடித்ததோடு நிற்கவில்லை. நிலம் பறிபோனதே முதல் அடி. தடியடி பின்னரே வந்தது என்று காட்டுகிறார். இதுவே நூலின் வலிமை என்போம்.

ஆடு கொடுத்தோம், மாடு கொடுத்தோம் எனப் பட்டியல் வாசிப்போர் இதனைப் படிக்கட்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடியினர் உழுதுவரும் நிலத்துக்கு 4 எக்டேர் வரை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை வழங்கச் சொல்கிறது. ஏட்டிலுள்ள அவ்வுரிமை வீட்டுக்கு வரவேண்டும். காலூன்ற நிலமில்லாக் குடும்பத்துக்கு முன்னேற்றம் ஏது?